பொறுங்கள், நேரம் வந்ததும் திறக்கும்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் கல்யாண வெப்சைட்டை அக்கா என்னிடமிருந்து பிடுங்கி, சென்னையிலிருந்து காரில் வந்திறங்கும் ஒரு இன்ஜினீயரிடம் கொடுக்கப்போகிறார் என்று பத்தொன்பது நாள் முழு மனதோடு நம்பினேன். அந்த இன்ஜினீயருக்கு நானே கண்ணாடி மாட்டினேன், தாடி வைத்தேன், கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் மறைமலைநகர் போகும்போதெல்லாம் மனசுக்குள் அவனோடு சண்டை போட்டேன். பெரும்பாலும் நானே தோற்றேன். நானே செய்த எதிரியிடம்கூட ஜெயிக்கத் துப்பில்லாதவன் நான்.

அப்படி ஒரு இன்ஜினீயர் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு பக்கம். நானே கட்டின வெப்சைட்டில், ஒரே ஒரு பக்கம், எனக்குத் திறக்கவில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிர்த் தெருவில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கல்யாணமாகி நான்காவது வருஷமே கணவர் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஒரே தம்பி துபாயில். பகலெல்லாம் வக்கீல்களுக்கு மனு அடிப்பார். வெயில் தாழ்ந்த பிறகு கல்யாண பயோடேட்டா. செங்கல்பட்டு மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் வீட்டார், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் பக்கத்து வீட்டார் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோயில் ஆட்களும் வருவோம். அடிக்க வந்த தாள்களை வைத்தே இன்னாருக்கு இன்னார் பொருந்தும் என்று சொல்ல ஆரம்பித்து, கடைசியில் அதுவே பெரிய வேலையாகிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் ஒரு தாளோடு போய் நின்றேன். அக்கா கிட்டப்பார்வைக்காரர், படிப்பதென்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். ஏற்றினார், படித்தார். 'நல்ல குணம், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தேன்.

"இதுல கொறை எங்க கீது?"

"கொறைன்னா?"

"உன்கிட்ட இன்னா கோளாறு? அத எழுதலன்னா நான் அடிக்க மாட்டேன்."

என்னிடம் கோளாறே இல்லை என்றேன். அந்த நேரம் பார்த்து வாசலில் நிறுத்தியிருந்த என் சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு, திருடன் திருடன் என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. அது என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. திரும்பி வருவதற்குள் தாள் தயார். பெயருக்கு அடுத்த வரியிலேயே, உயரம் நிறம் படிப்பு எல்லாவற்றுக்கும் மேலே, அடித்திருந்தார்: 'சீக்கிரம் பதறுவார்.'

கெஞ்சிப் பார்த்தேன். அழிக்கவில்லை. அந்தத் தாளைத்தான் பெண் வீட்டார் வந்து படித்தார்கள். தன் வீட்டார் பார்த்த எட்டுத் தாளில் ஏழு பேர் தங்கக்கம்பி, ஒரே ஒருத்தன்தான் மனுஷன் மாதிரி தெரிந்தான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

குறையை முதலில் சொல்வது, முகத்தைக் கடைசியில் காட்டுவது. அக்காவின் தொழில் மொத்தமும் இதுதான். பெண் வீடோ பிள்ளை வீடோ, தாளைக் கையில் கொடுக்க மாட்டார். மேசைமேல் வைத்து, பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகிற கிளிப் அட்டை ஒன்றால் மூடிக்கொள்வார். அட்டை ஒரு வரி இறங்கும். சிறு வயதில் வலிப்பு வந்திருக்கிறது, முதல் நிச்சயம் நின்றுபோயிருக்கிறது, ஒரு காது மந்தம், எதுவானாலும் அந்த வரிதான் முதலில். வந்தவர்கள் படித்து, ஒருவரை ஒருவர் பார்த்து, தண்ணீர் குடித்து, "சரி, மேல சொல்லுங்க" என்று வாயைத் திறந்து சொன்னால்தான் அடுத்த வரிக்கு அட்டை நகரும். எல்லா வரியும் முடிந்த பிறகுதான் கவரிலிருந்து போட்டோ.

ஊரெல்லாம் போட்டோவை முதலில் நீட்டுகிறதே என்று கேட்டேன்.

"மூஞ்சியப் பாத்துட்டா அப்புறம் காது கேக்காது தம்பி."

யாரிடம் முதலில் சொல்வது என்பதிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. இந்த வீட்டில் இதை அம்மா தாங்குவாள், அப்பா தாங்கமாட்டார். அந்த வீட்டில் மாமனிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி, ஆகவே அவருக்குக் கடைசியில். ஒரு தடவை ஒரு பிள்ளையின் தாயார் கோபித்துக்கொண்டார். இரண்டு மாதமாக உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, இன்றைக்குத்தான் சொல்கிறீர்கள் என்று. அக்கா தலையாட்டினார். இரண்டு மாதமும் உங்கள் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தார், நீங்கள் நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பிட்டீர்கள், எந்த வேளையில் சொல்லியிருக்கவேண்டும் என்று கேட்டார். அந்தம்மா அழுதுவிட்டார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயமாக இருந்தது. என்னைப் பற்றி எந்தெந்த வரியை இவர் அட்டைக்குக் கீழே வைத்திருக்கிறாரோ என்று.

"மறைக்கிறது வேற, பொறுத்துச் சொல்றது வேற" என்பார். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே போகிறது என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர் முளைத்தது. நான் ஃபாக்டரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். எந்த உதிரி பாகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லும் புரோகிராம் எழுதுகிற வேலை. பெண்ணும் பிள்ளையும் உதிரி பாகம் மாதிரிதானே என்ற திமிரில், அக்கா, உங்கள் தாள்களையெல்லாம் ஒரு வெப்சைட்டில் ஏற்றிவிடலாம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். முழுக்கக் கேட்டார். பிறகு அந்தப் பரீட்சை அட்டையை எடுத்து என் மானிட்டர் மேல் வைத்தார்.

"இது உள்ள போவுமா?"

போகும் என்றேன். போக வைக்க எட்டு மாதம் ஆனது. புது வீட்டார் சேரவேண்டுமென்றால் அக்கா போன் போட்டுப் பேசி ஒப்புக்கொண்ட பிறகுதான் மெம்பர். மெம்பர் ஆனவருக்கு முதலில் குறை மட்டும் தெரியும். 'படித்தேன்' என்று அழுத்தினால் அடுத்தது திறக்கும். இரண்டு வீடும் சம்மதம் என்று அழுத்தினால்தான் போட்டோ. எந்தப் பக்கம் யாருக்கு, எந்த நேரத்தில் திறக்கவேண்டும் என்று அக்காவே குறித்து வைக்கவும் வழி செய்திருந்தேன். நடுவில் எதையாவது தாண்டிக் குதிக்கப் பார்த்தால், 'இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வரும்படி எழுதியிருந்தேன். அக்கா அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிற்க வைத்து இப்படியா பேசுவாய் என்றார். அவர் சொல்லச்சொல்ல மாற்றினேன்: 'பொறுங்கள், நேரம் வந்ததும் திறக்கும்.'

திறந்த முதல் வருஷம் எனக்குத் தூக்கம், செரிமானம் இரண்டும் போயிற்று. சதுரங்கப்பட்டினத்து வீட்டார் ஒருவர், மீன் வலைக்கு நூல் விற்கிறவர், மகளின் விவரத்தைச் சேர்த்திருந்தார். தினமும் அந்த வீட்டிலிருந்து புகார். உள்ளே போனால் இரண்டே நிமிஷத்தில் வெளியே தள்ளுகிறது, உங்கள் சைட்டுக்கு மரியாதை தெரியவில்லை என்று. யாரோ வெளிநாட்டுத் திருடன் புகுந்துவிட்டான் என்று முடிவு கட்டி, நான் ஃபாக்டரியில் மெயின் சுவிட்சையே அணைத்தேன். வெப்சைட் இருந்தது எங்கோ அமெரிக்காவில். அணைந்தது எங்கள் கேன்டீன்.

அக்கா போனை எடுத்து அந்த வீட்டம்மாவிடம் ஒரே கேள்வி கேட்டார். உங்கள் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்? அந்தம்மா எண்ணினார். பதினொரு பேர். பெண்ணின் மாமன் மாமல்லபுரத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து உள்ளே போவார், அதே நேரம் பெரியப்பா செங்கல்பட்டில் உள்ளே போவார். ஒரு பெயருக்கு ஒருவர்தான் என்று நான் எழுதி வைத்திருந்ததால், பின்னால் வந்தவர் முன்னால் வந்தவரைத் தள்ளிவிடுவார். தள்ளப்பட்டவர் மறுபடி வந்து இவரைத் தள்ளுவார். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பந்திக்கு இடம்பிடிப்பதும் இப்படித்தான். கோளாறு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் பதினொருவரில் ஒருவர், மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில், பக்கத்தை மூடாமல் எழுந்து போய்விட்டார். அடுத்து வந்து உட்கார்ந்தவன் அந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்துவிட்டான். அந்தக் கடைக்காரரே போன் செய்து சொன்னார். என் யோசனைகளை வரிசையாகச் சொன்னேன். சைட்டை மூடுவது, பெங்களூருக்கு ஓடுவது, மீசையை எடுப்பது. அக்கா துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "பஸ்ஸுக்கு சில்லறை கீதா?" என்று கேட்டார்.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறி சதுரங்கப்பட்டினம் போனோம். முன்னறையில் நான் வேர்த்து வழிந்துகொண்டிருந்தேன். அக்கா நேரே அடுப்படிக்குப் போய் அந்தம்மாவிடம் மட்டும் சொன்னார். பிறகு இரண்டு மணி நேரம் வீட்டுக்காரருக்காகக் காத்திருந்தார். வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து, தொழுது, சாப்பிட்டு, கை கழுவின பிறகு, அக்கா நடந்ததை ஒரு வரி விடாமல் சொன்னார். தப்பு எங்கள் பக்கம் என்றும் சொன்னார். நீங்களே வந்து சொன்னீர்களே, போதும் என்றார் மனுஷர். அன்றிலிருந்து அந்த வீட்டில் பாஸ்வேர்டு ஒருவருக்குத்தான். பெண்ணின் அம்மாவுக்கு. பதினொரு பேர் கூச்சலில் அதுவரை யாரும் கேட்காதிருந்தது அவரைத்தான். பெண்ணுக்கு ஆறு மாதத்தில் நல்ல இடத்தில் முடிந்தது.

இப்போது என் பெருமையைச் சொல்லவேண்டும். ஒரு நாள் கடையில் அக்காவுக்குத் தலை சுற்றியது. படியில் உட்கார்ந்துவிட்டார். காலையில் நாஸ்தா பண்ணவில்லை, அவ்வளவுதான். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். கோர்ட்டிலிருந்து நான்கு வக்கீல்களைக் கூப்பிட்டேன். துபாய்க்குப் போன் போட்டு அவர் தம்பியிடம் 'கடைசியாக ஒருமுறை' என்ற சொற்களை உபயோகித்தேன். அந்த மனுஷன் அழுதுகொண்டே விமானம் ஏறி மூன்றாம் நாள் வந்து இறங்கினார். அக்கா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்து, "நீ இன்னாடா இங்க?" என்றார். தம்பி என்னைப் பார்த்தார். அந்தப் பழைய ஆடு பார்த்ததும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

வருஷத்து லீவு மொத்தமும் அதில் தீர்ந்து அவர் திரும்பிப் போனார். அக்கா என்னைத் திட்டவில்லை. "உனக்கு எதையும் மொட்டையா சொல்லக்கூடாது போலக் கீதே தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் இருக்கும். அக்கா ஒரு நோட்டை நீட்டி, சைட்டுக்கான எல்லா பாஸ்வேர்டையும் எழுதச் சொன்னார். எழுதினேன். மறுநாள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். என்னை வெறும் மெம்பராக இறக்கியும் விட்டார்.

"ஒரு மாசம் சும்மா மெம்பரா இரு. நீ எப்பவும் வூட்டுக்குள்ளயே நின்னுகினு, கதவு தொறந்துதான கீதுன்ற. வெளிய நின்னு தட்டிப் பாரு, ஜனங்க பேஜாரு தெரியும்."

நியாயம்தான். நிர்வாகிக்கு எல்லாக் கதவும் திறக்கும், அதனால் எந்தப் பூட்டு கெட்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. சந்தோஷமாக வெளியே போய் நின்றேன்.

மூன்றாம் நாள் மெம்பர்களுக்கான இடத்தில் புதிதாக ஒரு தலைப்பு: 'நம் வீட்டாருக்கு ஒரு கடிதம்.' அழுத்தினேன். 'பொறுங்கள், நேரம் வந்ததும் திறக்கும்.'

அந்த நாளிலிருந்துதான் பத்தொன்பது நாள். வெளியேறி மறுபடி உள்ளே போனேன். கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருந்த பழைய பக்கங்களையெல்லாம் துடைத்தேன். ஃபாக்டரியில் பார்த்தேன், சிங்கப்பெருமாள் கோயிலில் பார்த்தேன், மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே வியர்க்க உட்கார்ந்து பார்த்தேன். கம்ப்யூட்டரில் தேதி தப்பாக இருக்குமோ என்று சுவர் காலண்டரோடு ஒப்பிட்டேன். மழைமேல் சந்தேகப்பட்டேன். எத்தனையோ வீட்டாரிடம் 'கோளாறு உங்க பக்கம்தாங்க' என்று சிரித்துக்கொண்டே சொன்னவன் நான். இப்போது அந்தப் பக்கம் நின்று பார்த்தால் சிரிப்பு வரவில்லை. கடைசியில் சைட்டின் புகார்ப் பெட்டியிலேயே புகார் எழுதினேன். 'உங்கள் புகார் கிடைத்தது, பொறுங்கள்' என்று பதில் வந்தது. அந்தப் பதிலும் நான் எழுதி வைத்ததுதான்.

அக்காவிடம் நேரில் கேட்டேன். எனக்கு மட்டும்தான் திறக்கவில்லையா, எல்லாருக்குமா?

"மெம்பருங்க தெனமும் இதத்தான கேக்கறாங்க" என்று சிரித்தார். சிரிப்பின் நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன்.

வேறு பெயரில் சேர்ந்து பார்க்கலாம் என்று தோன்றியது. திருக்கழுக்குன்றத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும், மனைவியை இழந்த, நாற்பத்திரண்டு வயதுக்காரராக விண்ணப்பித்தேன். குறை என்ற இடத்தில் 'எதற்கும் கலங்காதவர்' என்று எழுதினேன். போன் நம்பருக்கு மட்டும் யோசிக்காமல் என் மனைவியின் நம்பரையே கொடுத்துவிட்டேன். மாலையில் போன் வந்தது. மனைவி எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அரிசி மண்டிக்காரரா? சலாம். கல்யாணத்துக்கு உங்க சம்சாரம் சம்மதிச்சிட்டாங்களா?"

வைத்துவிட்டேன். மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அரிசி மண்டிக்காரர் அவளைச் சாகடித்தது பிடிக்கவில்லை போல என்று எண்ணிக்கொண்டேன்.

இதற்கு நடுவில்தான் போட்டோக்கள் குறைய ஆரம்பித்தன. எத்தனை பேர் போட்டோ வைத்திருக்கிறார்கள் என்று முகப்பில் ஒரு எண் தெரியும்படி நான் வைத்திருந்தேன். அது தினமும் இறங்கியது. இருநூற்றுச் சொச்சம் இருந்தது நூற்றி எண்பது ஆயிற்று, நூற்றிப் பத்து ஆயிற்று. வீட்டார் தங்கள் பெண்களின் போட்டோவை அவர்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே எனக்குள்ளே கிளம்பிவிட்ட அந்த இன்ஜினீயர் அப்போதுதான் காரிலிருந்து இறங்கினான். கடிதத்தில் என்ன இருக்கும்? 'புது சைட்டுக்கு வாருங்கள், பழைய ஆளிடம் சொல்லாதீர்கள்.' வேறென்ன இருக்க முடியும்?

அக்கா இளைத்துக்கொண்டே போனார். கடையைக் காலையில் மட்டும் திறந்தார். நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. எல்லாம் என் கண்முன்னால்தான். புது ஆள் வருகிற உற்சாகத்தில் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறார் என்று நானே ஒரு விளக்கமும் கொடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அவரே போன் செய்தார்.

"வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சதும் வூட்டுக்கு வா. சோறு ஆக்கறேன். ஒரு விஷயம் பேசணும்."

"போன்லயே சொல்லுங்களேன்."

"போன்ல சொல்ற விஷயம் இல்ல தம்பி. வா."

சரி என்றேன். எப்படிச் சொல்லக்கூடாதோ அப்படி, வெடுக்கென்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஃபாக்டரிக்கு லீவு போட்டேன். போவதற்காகப் போட்ட லீவுதான். சட்டையை மாட்டும்போது கோபம் வந்துவிட்டது. பிரியாணி போட்டு வெளியே அனுப்பப் பார்க்கிறார், சோற்றைத் தின்றுவிட்டு அந்தக் கண்ணாடிக்காரனுக்குக் கை கொடுத்துவிட்டு வரவேண்டுமா என்று மனைவியிடம் கத்தினேன். அவள் வாசலை மறித்து நின்றாள்.

"ஒரு தடவ, நான் சொல்றேன்னு, போய்ட்டு வா."

"உனக்கு இன்னா தெரியும்?"

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "போய்ட்டு வாயேன்" என்றாள் மறுபடி.

நான் சதுரங்கப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். டச்சுக்காரன் கோட்டையின் இடிந்த மதில்மேல், நாடு இழந்த ராஜா மாதிரி உட்கார்ந்தேன். கீழே ஆடுகள் மேய்ந்தன. என் வாழ்க்கையில் முக்கியமான நேரத்திலெல்லாம் ஆடு வந்துவிடுகிறது. மூன்று மணி வாக்கில் அக்காவின் நம்பரிலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. அதையும் அடிக்கவிட்டேன். கடல் காற்றில் என் கோபம் எனக்கே ரொம்ப அழகாகத் தெரிந்தது. தினமும் மூன்று வேளை தட்டிப் பார்த்த அந்தப் பக்கத்தை அன்றைக்கும் தொடவில்லை, சனிக்கிழமையும் தொடவில்லை. சுயமரியாதை.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவிதான் எழுப்பினாள். விடியும் முன்பே அக்கா போய்விட்டார் என்றாள். நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். துபாய்க்குப் போன் போட்ட எனக்கு யாரோ பழிக்குப் பழி வாங்குகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன்.

அடக்கத்துக்குக் கபரஸ்தானில் நல்ல கூட்டம். செங்கல்பட்டு, சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், எங்கள் மெம்பர் வீட்டு ஆண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அமைதியாக மண் தள்ளினார்கள். திகைத்துப்போன முகம் என்று ஒன்றுகூட இல்லை. நான் ஒருவன்தான், எப்படி, எப்படி என்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். துபாய்த் தம்பி வரவில்லை. இரண்டாவது தடவை அவருக்கு லீவு கிடைக்கவில்லை. வலை நூல் விற்கிற அந்த சதுரங்கப்பட்டினத்துக்காரர் என் தோளைத் தொட்டார்.

"இன்னா தம்பி, உங்களுக்கு வெள்ளிக்கெழம சொல்றதா எழுதியிருந்தாங்களே. சொல்லலியா?"

எங்கே எழுதியிருந்தார் என்று நான் கேட்கவில்லை. நேரே பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அழுத்தினேன். திறந்தது.

வயிற்றில் கட்டி என்று எழுதியிருந்தார். டாக்டர் சில மாதம் சொல்கிறார் என்று எழுதியிருந்தார். குறைதான் முதல் வரி. எனக்குப் பிறகு உங்கள் பெண்களின் போட்டோவுக்கு நான் காவல் இருக்க முடியாது, ஆகவே மாதம் முடிவதற்குள் அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள், சைட்டை மூடிவிடப்போகிறேன் என்று எழுதியிருந்தார். கடைசியில் நான் இருந்தேன். 'இதைக் கட்டின தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. பதறிவிடுவார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சோறு போட்டு நானே சொல்கிறேன். அதுவரை அவரிடம் யாரும் மூச்சு விடவேண்டாம். துஆ செய்யுங்கள்.'

வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்க வாயால சொல்லணும்னு கேட்டுகினாங்க."

"அன்னிக்கு வாசல்ல நின்னியே, அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்" என்றாள். வெள்ளிக்கிழமை நான் பஸ் ஏறின பிறகு எனக்குப் பதிலாக அவள்தான் போயிருக்கிறாள். மீதியெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும்.

அந்தப் பக்கத்தில் கோளாறு எதுவும் இல்லை. மற்ற எல்லா வீட்டாருக்கும் முதல் நாளிலிருந்தே திறந்திருந்தது. பூட்டு என் ஒருவன் பெயருக்கு மட்டும், வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணி வரைக்கும். மூன்று மணிக்கு அது தானாகத் திறந்துவிட்டது. அக்கா ஐந்து மணி வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் போகவில்லை.